சரளையும் மணலும் கலந்த மேட்டு வயல்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

டெல்டா என்றாலே முழங்கால் புதையும் களி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். தஞ்சாவூரிலிருந்து மேற்கே வல்லம் ஏறினாலே மண் சிவந்துவிடும். செங்கிப்பட்டிப் பக்கம் கப்பியும் (சரளைக்கல்) செம்பாறாங்கல்லும். தெற்கே ஒரத்தநாடு, திருவோணம், பட்டுக்கோட்டை, பேராவூரணி எனப் புதாறு (கல்லணைக் கால்வாய்) பாயும் வழியில் மணல் கலந்த செம்மண். கிழக்கே வேதாரண்யத்தில் வெறும் மணல்.

இந்த மண்ணின் குணம், மழை குறைந்த மலைச்சரிவுகளில் கிடக்கும் கல்லும் மணலுமான மண்ணின் குணம்தான். சரிவில் மழை அடிக்கும்போது களியும் பொடிமண்ணும் கீழே போய்விடும். பருமணலும் கல்லும் தங்கும். மேல்மண் ஆழம் குறைவு, மட்கு குறைவு. தண்ணீர் உடனே இறங்கும், உடனே காயும், போட்ட சத்து நிற்காது. அப்படி மேலேயிருந்து கழுவி வந்த பொடியைக் காவிரியும் துணையாறுகளும் கொண்டுவந்து சேர்த்ததுதான் பழைய டெல்டாவின் வண்டல். நம் மேட்டு நிலத்துக் கப்பி பிறந்த விதம் வேறு: செம்பாறாங்கல் சிதைந்து வந்தது. ஆனாலும் வயலில் அது நடந்துகொள்ளும் விதம் மலைச்சரிவு மண்ணைப் போலத்தான்.

இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, வண்டலில் பழகிய கையோடு சரளைக்கு வேலை செய்வதால் வருபவை. வாரம் ஒரு தண்ணி, இரண்டு தடவை உரம், உழுதால் நன்றாகப் புழுதியாக்குவது. வண்டலில் சரியான இந்த மூன்றும் சரளையில் தப்பு.

கீழே அளவுகள் ஏக்கருக்குச் சொல்லப்பட்டுள்ளன. மா கணக்கு வேண்டுபவர்கள் மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு மா 33 சென்ட்.

முதலில் ஒரு குழி

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்தச் சோதனையை முடித்துவிட்டு வாருங்கள். வயலின் நடுவில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 30 செ.மீ. இருக்குமாறு ஒரு குழி வெட்டுங்கள். அதில் வரும் மண் மொத்தம் 27 லிட்டர் கொள்ளளவு. எல்லாவற்றையும் காயவைத்து, கட்டியை உடைத்து, 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பது முழுக்கக் கல், 2 மி.மீ.க்குக் கீழே போனது மட்டும்தான் மண். பாதி தண்ணீர் பிடித்த அளவு வாளியில் அந்தக் கல்லைப் போட்டு, மட்டம் எவ்வளவு லிட்டர் ஏறுகிறது என்று பாருங்கள். 8 லிட்டர் ஏறினால் உங்கள் நிலத்தில் கொள்ளளவில் 30 சதவீதம் கல். கல் நிறைய இருந்து வாளி போதாவிட்டால் இரண்டு மூன்று தடவையாகப் போட்டுக் கூட்டுங்கள்.

சலித்து விழுந்த மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து ஐந்து நிமிடம் குலுக்கி, ஆடாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் படிவது வண்டல், ஒருநாள் கழித்து மேலே மெல்லிய படலமாக உட்காருவது களி. ஸ்கேல் வைத்து அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். களி 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கீழே சொல்லும் எல்லாமே உங்களுக்குப் பொருந்தும்.

மண் பரிசோதனை அட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்திலும் 2 மி.மீ. சல்லடையில் சலித்த பிறகுதான் சோதிக்கிறார்கள். ஏக்கருக்கு இத்தனை கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்று வரும் கணக்கு, மேல்மண் முழுக்கக் கல் இல்லாத மண் என்று வைத்துப் போட்டது. உங்கள் நிலத்தில் 30 சதவீதம் கல் என்றால் அந்த எண்ணை 0.7 ஆல் பெருக்கினால் வருவதுதான் உண்மையில் இருப்பது. அட்டையில் ‘நடுத்தரம்’ என்று இருந்தும் பயிர் பசியாகத் தெரிவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். சோதனைக்கு ஆடுதுறை மண் பரிசோதனை நிலையமோ, தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் உள்ள மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமோ பக்கம். மாதிரி கொடுக்கும்போது கல் சதவீதத்தையும் பையில் எழுதி ஒட்டுங்கள்.

அறிகுறி: தண்ணீர் கட்டிய மறுநாளே வாட்டம், மடையிலிருந்து தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேரவே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். கணக்கைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

மணற்பாங்கு மண், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீராக, ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 80 மி.மீ. பிடிக்கும். கடலை, காய்கறி வேர் ஓடும் 30 செ.மீ.யில் 24 மி.மீ. அதில் 40 சதவீதம் கல் என்றால் மிச்சம் 14 மி.மீ. அதிலும் பாதி தீர்ந்தவுடனே பயிர் சோர்ந்துபோகும். ஆக, கையில் இருப்பது 7 மி.மீ. சித்திரை வைகாசி வெயிலில் பயிர் ஒரு நாளைக்கு 5, 6 மி.மீ. குடிக்கும். மறுநாள் வாடாமல் என்ன செய்யும்? களிமண்ணில் இதே 30 செ.மீ.யில் 27 மி.மீ. கையில் இருக்கும், ஐந்து நாள் தாங்கும்.

ஏக்கரில் 1 மி.மீ. என்பது 4,000 லிட்டர். வழக்கமாகக் கட்டும் ஒரு தண்ணி 50 மி.மீ. என்று வையுங்கள், 2 லட்சம் லிட்டர். மேலே சொன்ன மண் பிடித்துக்கொள்வது 14 மி.மீ., அதாவது 56,000 லிட்டர். மீதி வேருக்குக் கீழே போய்விடும். போகும்போது யூரியாவையும் கூட்டிக்கொண்டு போகும். ‘அதிகமாகத் தண்ணி விட்டால் நாலு நாள் தாங்கும்’ என்பது இங்கே எடுபடாது.

ஆகவே தண்ணீரின் அளவைக் குறைத்து, தடவையைக் கூட்ட வேண்டும். பாத்தியை 10 சதுர மீட்டருக்கு மேல் போடாதீர்கள். மண்வாய்க்காலை விட்டுவிட்டு மோட்டாரிலிருந்து பைப்பில் அல்லது சுருட்டும் ஓசில் கொண்டுபோங்கள். மணலில் தண்ணீர் மணிக்கு 30 மி.மீ.க்கு மேலேயே இறங்கும், களியில் 5 மி.மீ. கூட இறங்காது. நீளமான மண்வாய்க்காலில் கடைமடைக்கு முன்பே பாதித் தண்ணீர் காணாமல் போவது இதனால்தான். கடலைக்குத் தெளிப்பான் பொருத்தமானது.

சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் ஒன்றைச் சோதியுங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சொட்டுவானுக்குப் பக்கத்தில் மண்ணைச் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். களியில் ஈரம் பரந்த கிண்ணம் மாதிரி இருக்கும். மணலிலோ குறுகலாகக் கேரட் வடிவத்தில் கீழே இறங்கியிருக்கும். களிக்குச் சொன்ன 60 செ.மீ. இடைவெளியை இங்கே வைத்தால் இரண்டு சொட்டுவானுக்கு நடுவே இருக்கும் செடி வறண்டு நிற்கும். 30 செ.மீ. இடைவெளி, மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான் போதும். ஒரேயடியாக இரண்டு மணி நேரம் விடாமல், காலையில் அரைமணி, மதியத்துக்கு மேல் அரைமணி என்று பிரித்து விடுங்கள்.

நிரந்தரத் தீர்வு என்றால் மண்ணில் களியையும் மட்கையும் ஏற்றுவதுதான். வழி மூன்று.

ஒன்று, ஏரி வண்டல். ஏக்கருக்கு 40 டன், டிராக்டர் டிப்பரில் ஏறக்குறைய பத்து நடை. இதைப் பரப்பினால் ஒரு செ.மீ. கூட உயராது. 15 செ.மீ. ஆழத்துக்குக் கலந்துவிட்டால் மண்ணில் களி 2 சதவீதம்தான் கூடும். ஒரு தடவை அடித்துவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். மூன்று நான்கு கோடைக்குத் தொடர்ந்து அடித்தால்தான் பலன் கண்ணுக்குத் தெரியும். ஏரி காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் எடுத்துவிட வேண்டும். வருவாய்த்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அடிக்கும் முன் வண்டலையும் சோதனைக்குக் கொடுங்கள். கடைமடைக் குட்டைகளில் உப்பு இருக்கும். அதைக் கொண்டுவந்து கொட்டினால் நல்ல மணலும் கெட்டுப்போகும்.

இரண்டு, மட்கிய தென்னை நார்க்கழிவு. பட்டுக்கோட்டைப் பக்கம் கயிறு ஆலைகளுக்குக் குறைவில்லை. ஏக்கருக்கு 5 டன். தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். பச்சையாகக் கொண்டுவந்து போட்டால் அது மட்குவதற்கு மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் வைத்து, கறுத்து எடை குறைந்த பிறகு போடுங்கள்.

மூன்றாவது வழி கல் குறைவான மணல் நிலத்துக்கு மட்டும்: உருளையால் இறுக்குவது. 400 கிலோ எடையுள்ள கல் உருளை, இல்லையென்றால் மணல் நிரப்பிய தார் டிரம். நல்ல மழை பெய்த அல்லது தண்ணீர் கட்டிய 24 மணி நேரம் கழித்து, எட்டுத் தடவை உருட்ட வேண்டும். பெரிய துளைகள் சுருங்கி, தண்ணீர் இறங்கும் வேகம் குறையும். பிறகு விதைப்பதற்கு மட்டும் மேலாக உழுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் கல் இருக்கும் சரளையில் இது வீண்செலவு. கற்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்பதால் எடை மண்ணுக்குப் போய்ச் சேராது. அடியில் இறுகிய தட்டு இருக்கும் நிலத்தில் உருட்டவே கூடாது.

தென்னைக்கு உரிமட்டை (தேங்காய் உரித்த மட்டை) புதைப்பது தனி. மரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, வரிசைக்கு நடுவே 45 செ.மீ. ஆழம், 150 செ.மீ. அகலத்தில் அகழி எடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மண் போட்டு மூடுங்கள். குழிந்த பக்கம் கீழே பார்த்தால் தண்ணீர் பிடிக்காது. கூலிக்கு வருபவர்கள் அவசரத்தில் இப்படித்தான் கவிழ்த்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு தடவை புதைத்தால் ஐந்து முதல் ஏழு வருடம் வரை பலன் இருக்கும்.

அறிகுறி: நல்ல மழை பெய்தும் உள்ளே ஈரம் இல்லை, விதை முளைத்து மேலே வரவில்லை

இரண்டு வேறு கோளாறுகள் ஒரே மாதிரித் தெரியும். பிரித்துப் பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். காய்ந்த மேல்மண்ணில் ஒரு சொட்டு விடுங்கள். ஐந்து வினாடிக்கு மேல் முத்தாகவே உருண்டு நின்றால் மணலே தண்ணீரை விலக்குகிறது. சவுக்கு, தைலமரம் இருந்து வெட்டிய நிலத்தில் இது வரும். சருகிலிருந்து வந்த மெழுகுப் பசை மணல் துகள்மேல் படிந்திருக்கும். இதற்கு முதலில் லேசாக நனைத்து, ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி தண்ணீர் விட வேண்டும். ஒரேயடியாக விட்டால் மேலேயே ஓடிவிடும். மேலிருக்கும் இரண்டு விரற்கடை மணலை ஒதுக்கிவிட்டுச் சாலின் அடியில் விதையுங்கள். வண்டல் அடிக்கும்போது இந்தக் கோளாறு தானாகவே குறையும்.

சொட்டு ஊறிவிட்டது, ஆனால் கத்தி முனையால் நெம்பினால் அப்பளம் போல மேல்மண் தகடாகப் பெயர்ந்து வருகிறது என்றால், அது மேல்மண் இறுக்கம். செம்மண்ணில் உள்ள இரும்பு, அலுமினியச் சேர்மங்களும் கொஞ்சம் களியும் மழைத்துளி அடிக்கும்போது கரைந்து, காய்ந்ததும் பூச்சாக இறுகிவிடும். புழுதியாக உழுத நிலத்தில் இது மோசமாக இருக்கும். கடலை முளை தகட்டுக்கு அடியிலேயே வளைந்து தடித்துக் கிடக்கும். தோண்டிப் பார்த்தால் தெரியும்.

விதைத்தது ஏற்கெனவே மாட்டிக்கொண்டால், முளை வெளிவரும் வரை மூன்று நாளைக்கு ஒருமுறை தெளிப்பானில் லேசாக நனையுங்கள். மோட்டார் வசதி இல்லாவிட்டால் கருவேல முள் கிளையை மெதுவாக இழுத்துத் தகட்டைக் கீறிவிடலாம், ஆனால் முளை தலைகாட்டும் முன்பு மட்டும். அடுத்த பட்டத்துக்கு: மண் சரியான பதத்தில் இருக்கும்போது உழுது, கட்டி கொஞ்சம் இருக்கும்படி விடுங்கள். ஏக்கருக்கு 4 டன் தொழுவுரம், அல்லது மேலே சொன்ன நார்க்கழிவு மட்கு போடுங்கள். அட்டையில் கார அமிலநிலை (pH) 6.5க்குக் கீழே இருந்தால் 800 கிலோ சுண்ணாம்பு போட்டுக் கலக்கி உழுங்கள். அதற்கு மேலே இருந்தால் சுண்ணாம்பு வேண்டாம்.

அறிகுறி: கடப்பாரை ஒரு அடிக்குக் கீழே இறங்கவில்லை, மழையில் தண்ணீர் தேங்குகிறது, வெயிலில் உடனே காய்கிறது

மணல் நிலத்தில் தண்ணீர் தேங்குகிறதென்றால் அடியில் தட்டு இருக்கிறது. அது இரண்டு வகை. குழியின் பக்கச் சுவரில் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் காலை சுரண்டிப் பாருங்கள். கத்தி ஏறினால் அது மேலிருந்து இறங்கிய களி படிந்து இறுகிய அடிமண் இறுக்கம். சத்தமெழுப்பி வழுக்கினால் செம்பாறாங்கல் படுகை.

முதல் வகைக்கு உளிக்கலப்பை (மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் கலப்பை). 45 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டரில், 50 செ.மீ. இடைவெளி விட்டு, 40 முதல் 45 செ.மீ. ஆழத்துக்கு, முதலில் ஒரு திசையிலும் பிறகு குறுக்கேயும் ஓட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். அடிமண் காய்ந்திருக்கும்போதுதான் ஓட்ட வேண்டும். காய்ந்திருந்தால்தான் தட்டு பிளந்து நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் உளி கோடு மட்டும் கிழித்துவிட்டுப் போகும், டீசல்தான் செலவு. ஓட்டிய பிறகு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டு மேலாக உழுங்கள். இல்லாவிட்டால் இரண்டே மழையில் பழையபடி மூடிக்கொள்ளும். ரோட்டவேட்டரை மட்டுமே வருடக்கணக்கில் ஓட்டும் நிலத்திலும் 12, 15 செ.மீ.யில் ஒரு மெல்லிய தட்டு உருவாகும். அதற்கும் உளிக்கலப்பைதான்.

செம்பாறாங்கல் படுகை என்றால் உளி உடையும். அங்கே பயிர்த் திட்டத்தையே மாற்றுங்கள்: ஆழமில்லாத கடலை, எள், பயறு. தென்னை வைத்தே ஆக வேண்டுமென்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1.2 மீட்டர் வருமாறு குழி எடுத்து, அடியில் உரிமட்டையை இரண்டு அடுக்கு போட்டு, மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்புங்கள். பாறையை இளக்க, நடுவதற்கு ஆறு மாதம் முன்பே குழிக்கு 2 கிலோ உப்புப் போடச் சொல்வதுண்டு. கேரளத்துக் கனமழையில் அந்த உப்பு கழுவிப் போய்விடும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் குழியில் விழுந்து கழுவிய பிறகு தை மாதம் நடுவதானால் மட்டும் செய்யலாம். கோடையில் போட்டு ஆடியில் நடுவது கன்றைக் கொல்லும். ஆழம் குறைந்த படுகையில் நிற்கும் நெட்டைத் தென்னை காற்றுக்குப் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வேரோடு கிடந்த மரங்கள் நினைவிருக்கும்.

அறிகுறி: உரம் போட்டால் பத்து நாள் பச்சை, பிறகு வெளுப்பு

யூரியா கரைந்த நிலையில் மண்துகளில் ஒட்டாது. போட்ட அன்றே கனமாகத் தண்ணீர் கட்டினால் அப்படியே கீழே போய்விடும். சாம்பல்சத்தைக் களிமண் பிடித்து வைக்கும், மணலால் முடியாது. இரண்டு தடவை போடுவதை நான்காகப் பிரியுங்கள். மொத்த அளவைக் கூட்ட வேண்டியதில்லை. யூரியாவை 5 செ.மீ. ஆழத்தில் போட்டு மூடி, லேசாக நனைத்தால் போதும். மேலே தூவி வெயிலில் விட்டால் காற்றில் போகும்.

காய்க்கும் தென்னைக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுவுரம் 50 கிலோ என்பது பரிந்துரை. சரளையில் இதை மூன்று நான்கு பங்காக, மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் வட்டத்தில், ஈரம் இருக்கும்போது போடுங்கள். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நோய் அறிகுறியா சத்துக் குறையா என்று சந்தேகம் வந்தால் ஓலை மட்டையோடு போய்க் காட்டிவிடுங்கள்.

எந்தச் சத்து என்று இலையில் படிக்கலாம். அடியிலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்து. அடியிலை ஓரம் கருகினால் சாம்பல்சத்து. அடியிலையில் நரம்பு பச்சையாக, நடுவே மட்டும் மஞ்சள் என்றால் மக்னீசியம். தென்னைக்கு மரத்துக்கு 500 கிராம் மக்னீசியம் சல்பேட். குருத்திலையில் நரம்பு பச்சை, நடுவே வெளிர் மஞ்சள் என்றால் இரும்பு. குருத்திலை நரம்போடு சேர்ந்து முழுக்க வெளுத்தால் கந்தகம். சூப்பரை விட்டுவிட்டு டி.ஏ.பி.க்கு மாறியவர்கள் நிலத்தில் இந்தக் கடைசி அறிகுறியை எதிர்பார்க்கலாம். சூப்பரில் 11 சதவீதம் கந்தகமும் கூடவே சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) உண்டு, டி.ஏ.பி.யில் இரண்டும் கிடையாது. மணலில் இருப்பும் இல்லை.

அறிகுறி: கடலைச் செடி நன்றாக இருக்கிறது, பறித்தால் பாதி பொக்கு (பருப்பில்லாத காய்)

சுண்ணாம்புச்சத்துக் குறை. கடலைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பை வேர் வழியாக வாங்குவதில்லை, சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே நேராக உறிஞ்சுகிறது. அதனால் மேலிருந்து 5 முதல் 8 செ.மீ. வரையிலான மண்ணில் சுண்ணாம்பு இல்லாவிட்டால் செடி எவ்வளவு செழித்தாலும் பயனில்லை. 40 முதல் 45ஆம் நாள், விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கும் நேரத்தில், சுண்ணாம்புச்சத்துள்ள ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ, மாவுக்கு ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். செடியின் தூரில் தூவி, கொத்தி மண் அணைத்துவிட வேண்டும். அப்போது மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் ஜிப்சம் கரையாது, காயாலும் உறிஞ்ச முடியாது. இந்த நேரத்தில் மேலுரமாகப் பொட்டாஷ் போடாதீர்கள். காய் சுண்ணாம்பை எடுப்பதை அது தடுக்கும். தழைந்த செடியைப் பார்த்து ஏமாந்து 60ஆம் நாளுக்கு மேல் ஜிப்சம் போடுபவர்களும் உண்டு. அதற்குள் முதலில் இறங்கிய காய்களின் விதி முடிந்திருக்கும்.

பருப்பு இருக்கிறது, ஆனால் இரண்டாகப் பிளந்தால் உட்பக்கம் குழிந்து பழுப்பாக இருக்கிறதென்றால் அது போரான் குறை. அடியுரத்தோடு ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ், மணலில் கலந்து சீராகத் தூவுங்கள். கூடுதலாகப் போனால் போரானே நஞ்சு. கை அளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அறிகுறி: திட்டுத் திட்டாகச் செடி குட்டையாக நிற்கிறது, பகலில் வாடி மாலையில் நிமிர்கிறது

பிடுங்கிப் பாருங்கள், ஆனால் இழுக்காமல் மண்வெட்டியால் தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரே வீங்கி முடிச்சாக இருந்தால் நூற்புழு. பயறு, கடலையில் இதையும் நல்ல வேர்முண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வேர்முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்; நகத்தால் தட்டினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு வேரோடு வேராக இருக்கும், பிரித்து எடுக்க வராது.

மணலில் துளை பெரிது என்பதால் இந்தப் புழு எளிதாக நகரும். கத்தரி, வெண்டை, தக்காளி போட்டுப் போட்டு எடுத்த நிலத்தில் பெருகும். கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை என்று மூன்று உழவு போட்டு வெயிலில் காய விடுங்கள். நடவுக்கு முன் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு. அடுத்த பட்டம் காய்கறியை விட்டு எள்ளோ செண்டுமல்லியோ போடுங்கள். நாற்றங்காலில் முடிச்சு இருந்தால் அந்த நாற்றை வயலுக்கே கொண்டுவரக் கூடாது.

அறிகுறி: வருடா வருடம் கல் கூடிக்கொண்டே போகிறது

கல் முளைக்கவில்லை, மண் போய்க்கொண்டிருக்கிறது. வல்லம் மேட்டில் நிலம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் சரிவு இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை வாங்கி 20 மீட்டர் தூரத்துக்குப் பிடியுங்கள். 40 செ.மீ. இறக்கம் என்றால் 2 சதவீதச் சரிவு. அந்தச் சரிவில் 40 மீட்டருக்கு ஒரு குறுக்கு வரப்பு வேண்டும், சமமட்டத்தில். வரப்பின் ஓரத்தில் 10, 15 செ.மீ.க்கு ஒரு தூர் வெட்டிவேர் நட்டால் வரப்பு நிற்கும். மிகைத் தண்ணீர் போக ஒரு ஓரத்தில் கல் பதித்த வழி விடாவிட்டால் ஐப்பசி மழையில் வரப்பு உடைத்துக்கொண்டு போகும். உழவும் விதைப்பும் சரிவுக்குக் குறுக்கே. டிராக்டர்காரருக்கு மேலிருந்து கீழே ஓட்டுவதுதான் சுலபம். சொல்லி நிறுத்த வேண்டும்.

கல்லை முழுக்கப் பொறுக்கி எடுத்துவிடாதீர்கள். முஷ்டி அளவுக்கு மேற்பட்டதை எடுத்து வரப்புக்குப் பயன்படுத்துங்கள். சிறு கல் மேலே கிடந்தால் மழைத்துளியின் அடியைத் தாங்கும், வெயிலில் ஈரம் போவதையும் குறைக்கும். மொத்தத்தையும் வழித்து எடுத்த தோட்டத்தில் அடுத்த மழைக்கே மேல்மண் தகடாக இறுகுவதைப் பார்க்கலாம்.

அறிகுறி: புதாற்றுத் தண்ணீர் வந்தும் நெல் வயலில் தண்ணீர் நிற்கவில்லை

சேறு கலக்கிய வயலில் 5 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, அளவு குறித்த குச்சியை நட்டு, மடைகளை அடைத்துவிட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால், பயிரும் வெயிலும் எடுத்த அரை செ.மீ. போக மீதி மண்ணுக்குள் போனது. முதலில் வரப்பில் நண்டு, எலி வளை இருக்கிறதா என்று பாருங்கள். வரப்பை மிதித்துப் பூசி மறுபடி அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் அந்த நிலம் நெல்லுக்கு ஏற்றதல்ல. சேற்றுழவு எத்தனை தடவை போட்டாலும் களி இல்லாத மண்ணில் அடைப்பு விழாது. கடலை, எள், உளுந்து போடுங்கள். நெல்தான் என்று நிற்பவர்கள் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மறக்காமல் போட்டு, தழையுரத்துக்குக் கொளுஞ்சி விதையுங்கள். மணலுக்குத் தக்கைப்பூண்டைவிடக் கொளுஞ்சி தாங்கும். அதன் விதைத்தோல் கடினம் என்பதால் விதைக்கும் முன் மணலோடு சேர்த்துத் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: வேதாரண்யம் பக்கத்து மணலில் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிட்டது

அங்கே மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கில், இறைத்து மட்டத்தை 10 செ.மீ. இறக்கி அப்படியே வைத்தால் அடியில் உப்பு 4 மீட்டர் ஏறும். கரித்த கிணற்றை ஆழப்படுத்துவது ஏன் தப்பு என்பது இதிலேயே தெரியும்.

தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் மின்கடத்து மீட்டர் ஒன்று வாங்கி, மோட்டார் போட்டவுடன் ஒரு தடவை, நிறுத்தும் முன் ஒரு தடவை அளந்து எழுதிவையுங்கள். 750 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே நல்ல தண்ணீர். 2,250ஐத் தாண்டினால் காய்கறிக்கும் பூவுக்கும் கட்டாதீர்கள். இரண்டு அளவுக்கும் நடுவே வித்தியாசம் கூடிக்கொண்டே வந்தால் மோட்டாரின் சக்தி அதிகம். சிறிய மோட்டாருக்கு மாறி, இறைக்கும் நேரத்தைக் குறைத்து, ஒரு ஆழமான குழாய்க்குப் பதிலாகத் தள்ளித் தள்ளி ஆழமில்லாத இரண்டு மூன்று ஊற்றுகளில் எடுங்கள்.

உப்பேறிய மணலுக்கு ஒரு சௌகரியம் உண்டு: களியைவிட வேகமாகக் கழுவிவிடும். 2004 சுனாமியில் கடல் ஏறிய நிலங்களிலும் மணற்பாங்கானவை மழைக்கு முதலில் தேறின. ஐப்பசிக்கு முன் வரப்பை உயர்த்தி மழையைத் தேக்குங்கள், வடிய வழி இருக்கட்டும். மழை ஓய்ந்ததும் மண்ணைச் சோதித்துவிட்டுப் பயிர் வையுங்கள். சோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும் ஜிப்சம். இல்லாவிட்டால் அந்தச் செலவு தேவையில்லை.